புல் நதியைக் காக்கும் 10 மில்லிகிராம்!

அமெரிக்காவின் மயாமி நகரிலிருந்து மேற்கே கிளம்பினால், சுமார் ஒரு மணி நேரத்தில் கட்டடங்கள் மறைந்துவிடுகின்றன. கண்ணுக்கெட்டிய தூரம்வரை இளம்பழுப்பும் பச்சையும் கலந்த வெளி. ஃப்ளோரிடா மாநிலத்தின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம் இது. 1947-ல் தேசியப் பூங்கா ஆனது. 1979 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

இங்குள்ள ஷார்க் வேலி பகுதியில் 24 கி.மீ. சுற்றுப்பாதை உண்டு. திறந்த டிராம் வண்டியில் போகலாம். ஓரத்தில் அலிகேட்டர் முதலைகள் வெயில் காய்ந்தபடி கிடக்கும். பாதி வழியில் ஒரு கண்காணிப்புக் கோபுரம். ஏறிப் பார்த்தால், புல்லுக்கு நடுவே தண்ணீர் மின்னும். அது மெதுவாகத் தெற்கே கடலை நோக்கி நகர்கிறது. அதனால்தான் இதற்கு 'புல் நதி' என்று பெயர்.

ஆனால், அது புல்லே இல்லை, கோரை! பாய் முடையும் நம் ஊர்க் கோரைக்குச் சொந்தம். இலை ஓரத்தில் ரம்பம்போல பற்கள் இருப்பதால் 'சா கிராஸ்' என்கிறார்கள். தொட்டால் கையைக் கிழித்துவிடும்.

இந்தக் கோரை சிக்கனக்காரச் செடி. இங்குள்ள மண்ணில் தழைச்சத்துக்குக் குறைவில்லை. மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸ்தான் மிக மிகக் குறைவு. எனவே, கோரை அவசரப்படாமல் வளர்கிறது. பழைய இலை காய்வதற்குள் அதிலிருக்கும் மணிச்சத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, புதுத் தளிருக்குக் கொடுக்கிறது. காட்டுத்தீயில் மேல்பகுதி கருகினாலும், அடியில் ஈரம் இருந்தால் மறுபடி துளிர்க்கும்.

இந்தக் கணக்கு வடக்கேயிருந்து வந்த உரத்தால் குலைந்தது. ஒக்கிசோபி ஏரிக்குத் தெற்கே இருக்கும் கரும்பு வயல்களிலிருந்து மணிச்சத்து தண்ணீரோடு இறங்கியது. கூடுதல் சத்து கிடைத்ததும் கோரையும் கொஞ்சம் வேகமாகத்தான் வளர்ந்தது. ஆனால், அதைவிடப் பல மடங்கு வேகமாகத் தளிர்விட்டது சம்பு. கோரை இருந்த இடங்களைப் பிடித்து, நெருக்கமாக மண்டியது. கொக்கு, நாரைகள் இறங்கி நடந்து மீன் பிடிக்கக்கூட அங்கே இடமில்லை.

இப்போது இங்குள்ள தண்ணீருக்கு வைத்திருக்கும் வரம்பு, நூறு கோடியில் 10 பங்கு மணிச்சத்து. அதாவது, 1,000 லிட்டர் தொட்டியில் வெறும் 10 மில்லிகிராம்! இதற்காகவே வயல்களுக்கும் சதுப்புக்கும் இடையே, சுமார் 60,000 ஏக்கரில் செயற்கைச் சதுப்புகளை அமைத்திருக்கிறார்கள். வயல் தண்ணீர் அங்கே தங்கி, வடிந்து, சுத்தமாகிப் போகிறது.

அங்கே மணிச்சத்தை உறிஞ்சும் வேலையைச் செய்யும் செடிகளில் முக்கியமானது எது தெரியுமா? அதே சம்புதான். கோரையின் இடத்தைப் பிடித்த செடியே, இன்று கோரைக்குக் காவல் நிற்கிறது.