ஒளி கசியும் கல்மாளிகை

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் என்னும் துறைமுக நகரம் இருக்கிறது. புகழ்மிக்க யேல் பல்கலைக்கழகம் அமைந்திருப்பது இந்நகரில்தான். அப்பெயருக்கும் நம் சென்னைக்கும் தொடர்புண்டு. 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநராக இருந்த எலிஹு யேல், 1718ல் இங்கிருந்த சிறு கல்லூரிக்கு 417 நூல்களையும் ஒன்பது பொதிச் சரக்குகளையும் வழங்கினார். சரக்கை விற்ற பணம் கட்டடத்திற்கு உதவிற்று. கல்லூரி அவர் பெயரைப் பெற்றது.

நூற்கொடையால் பெயர் பெற்ற அப்பல்கலைக்கழகத்தில் நான் காண விழைந்தது பைனக்கி அரிய நூலகத்தை. 1963ல் திறக்கப்பெற்ற இம்மாளிகையை வடிவமைத்தவர் கார்டன் பன்ஷாஃப்ட். வெளியிலிருந்து நோக்கினால் மேல்தளங்களில் சன்னல் ஒன்றுகூடத் தென்படாது. கருங்கல் சட்டங்களுக்கிடையே வெண்சலவைக்கற்களே சுவராக நிற்கின்றன. உள்ளே நுழைந்ததும் வியப்பு மேலிடுகிறது! ஒன்றேகால் அங்குலக் கனமேயுள்ள அக்கற்களினூடே கதிரவனின் ஒளி தேன்நிறமாகக் கசிகின்றது. நடுவே ஆறடுக்குக் கண்ணாடிக் கோபுரம். அதனுள் ஏறத்தாழ 1,80,000 நூல்கள். சுற்றிலும் காட்சிப் பேழைகள். ஐரோப்பாவில் அச்செழுத்துக்களைக் கோத்து அச்சிடப்பெற்ற முதற்பெரும் நூலான கூட்டன்பர்க் பைபிளும் அங்குண்டு.

அழகுக்காக மட்டுமா இந்த ஏற்பாடு? இல்லை. ஒளி நூலைக் காட்டுகிறது. அதே ஒளிதான் நூலை அழிக்கவும் செய்கிறது. மை வெளிறும்; தாள் பழுக்கும். இழந்த நிறம் இருட்டில் வைத்தாலும் மீளாது. ஆகவே பல்கலைக்கழக நூலகங்கள் தம் காட்சிக்கூடங்களுக்கென நெறிமுறைகளை வகுத்திருக்கின்றன. பழஞ்சுவடிகள் மீது விழும் ஒளி 50 லக்ஸ் அளவைத் தாண்டலாகாது என்பது பரவலான வழக்கம். நண்பகல் வெயிலோ ஓர் இலட்சம் லக்ஸைத் தொடும்! சில திங்களுக்கு மேல் ஒரே பக்கத்தைத் திறந்து வைப்பதில்லை. தைத்த நூலை வலிந்து விரிக்காமல், அது இயல்பாய்த் திறக்கும் அளவுக்கேற்பத் தாங்கி அமைக்கிறார்கள். காற்றின் ஈரப்பதம் ஏறி இறங்காமல் காக்கிறார்கள். அருகே பேனா மையும் தின்பண்டமும் வரக்கூடாது.

பூச்சிகளுக்கும் அங்கே வழியில்லை. 1977ல் இந்நூலகத்தில் வண்டுகள் புகுந்தபோது, நூல்களை உறைபனிக் குளிரில் மூன்று நாள் வைத்து அவற்றை ஒழித்தனர்.

இரவலாக வரும் நூலுக்கு இன்னுங் கூடுதல் கவனம். பக்கம் பக்கமாகச் சோதித்து, எங்கே கிழிசல், எங்கே கறை என்று எழுதி, படமும் எடுத்து, இரு தரப்பாரும் கையொப்பமிடுகின்றனர். திருப்பும் நாளில் அதே குறிப்பைக் கொண்டு மீண்டும் சோதனை. காப்பீடும் உண்டு. அமானிதம் என்று நாம் சொல்லும் சொல்லின் பொருளை அங்கே கண்ணாரக் கண்டேன்.

அப்பேழைகளின் முன் நின்றபோது என் நெஞ்சு கனத்தது. என் பாட்டனார் கைப்பட எழுதிய அரபுத் தமிழ் ஏடொன்றைப் பல்லாண்டுகளுக்கு முன் ஒரு விழாக் கண்காட்சிக்குக் கொடுத்திருந்தோம். கொடுக்கும்போது ஒரு குறிப்பும் எழுதவில்லை. சன்னலோரம் மேசைமீது பத்து நாள் விரித்தபடி கிடந்தது. திரும்பி வந்தபோது முதுகு பிளந்திருந்தது. கிழிந்த ஓரத்தில் பசைநாடா ஒட்டியிருந்தது. வெயில் பட்ட பக்கத்தில் எழுத்து மங்கிப் போயிற்று. கேட்டவர்கள் அன்பாகவே கேட்டார்கள். கொடுத்த நாங்களும் மகிழ்ந்தே கொடுத்தோம். நெறி அறியாமையே இழப்பை விளைத்தது.

நம் இல்லங்களின் அலமாரிகளில் இன்னும் எத்தனையோ பழைய கிதாபுகளும் கடிதங்களும் உறங்குகின்றன. அவற்றைப் பிறர் காணக் கொடுப்பது நற்செயலே. ஆனால் கொடுக்குமுன் பக்கங்களைப் படமெடுங்கள். நிலையைக் குறித்துக் கையொப்பம் பெறுங்கள். பசைநாடாவும் நெகிழித்தாள் உறைப்பூச்சும் வேண்டவே வேண்டாம். சுவரில் மாட்ட நகல் போதும். மூலம் நிழலில் இருக்கட்டும்.

வெயிலைத் தடுத்து ஒளியை மட்டும் உள்ளே விடுகிறது அந்தச் சலவைக்கல். நூலைக் காட்ட விரும்புவோர் அக்கல்லிடம் கற்க வேண்டிய பாடம் அதுவே.