விதி பேசியவர் வீசிய கையுறை

2025 ஜூன் 8, கோவை எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானம், டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆட்டம். திருப்பூர் கேப்டன் சாய் கிஷோர் பந்தில் திண்டுக்கல் கேப்டன் அஸ்வின் எல்.பி.டபிள்யூ. பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியது ரீப்ளேயில் தெரிந்தது, அதாவது அவுட் இல்லை. ரிவ்யூ கேட்க வழியில்லை. இருந்த ரிவ்யூக்களைத் திண்டுக்கல்காரர்கள் வைடுக்குக் கேட்டே தீர்த்துவிட்டார்கள். அஸ்வின் பெண் நடுவரிடம் வாக்குவாதம், பேடில் மட்டையால் ஓங்கி ஒரு அடி, கையுறையும் பறந்தது. மேட்ச் ஃபீஸில் 30 சதவீதம் அபராதம்: முறைத்ததற்கு 10, சாமான்களிடம் கோபத்தைக் காட்டியதற்கு 20. (ஆளை விட மட்டைக்குத்தான் மதிப்பு!)

2019 ஐபிஎல்லில், பந்து வீசும் முன்பே கிரீஸை விட்டு நகர்ந்த பட்லரை ரன் அவுட் (மன்கட்) செய்துவிட்டு, விதிப்படிதான் என்று உலகத்தையே எதிர்த்து நின்றவர் அஸ்வின். அன்றைக்கு நான் அவர் கட்சி, இன்றைக்கும் அதில் மாற்றமில்லைங்க. ஆனால் நடுவர் கை தூக்கினால் கிளம்புவதும் அதே விதிதானுங்களே? தீர்ப்பு தப்புதான். அந்த அபராதமும் கம்மிதான்.