எரிமலையா, ஏறுமலையா?

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போகிற பஸ்ஸில் ஏறினால், செங்கம் தாண்டுவதற்குள் ஒரு விஞ்ஞானியாவது அகப்படுவார். திருப்பூர் பஸ் என்றால் அவர் பெரும்பாலும் ஏதாவது ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டராக இருப்பார்.

“அந்தா தெரியுது பாருங்க மலை, அது ஒரு காலத்துல எரிமலைங்க தம்பி. அப்புறம் ஆறிப் போச்சு. வெள்ளைக்காரனே எழுதி வெச்சிருக்கானுங்க.”

எந்த வெள்ளைக்காரன், எந்த வருஷம் என்றெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டால், “நீங்க பி.காம்.தானுங்களே?” என்பார். வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். நான் பி.காம்.தான்.

ஆனால் டேலி ஆகாத கணக்கைப் பார்த்தால் பி.காம். காரனுக்குக் கை சும்மா இருக்காது. புத்தகங்களைப் புரட்டினேன்.

எரிமலை என்றால் அதற்கு ஒரு வாய் வேண்டும். குழம்பு வழிந்து இறுகிய தடம் வேண்டும். திருவண்ணாமலையில் ரெண்டும் கிடையாது. உயிரோடு இருக்கிற எரிமலையை இந்தியாவில் பார்க்க வேண்டுமானால் அந்தமானுக்குப் போய், அங்கிருந்தும் கடலில் போக வேண்டும். பாரன் தீவு என்று பெயர். 150 வருஷத்துக்கு மேல் தூங்கிவிட்டு 1991-ல் விழித்துக்கொண்டது. 2017-லும் குமுறியது. குழம்பு இறுகிய பாறையை மட்டும் பார்த்தால் போதும் என்பவர்கள் மகாராஷ்டிரா போகலாம். எல்லோரா கைலாசநாதர் கோயிலைக் குடைந்திருப்பது அந்தப் பாறையில்தான். வயசு சுமார் 6.6 கோடி வருஷம்.

அண்ணாமலை இதற்கெல்லாம் பாட்டன். அந்தப் பாறையின் வயசு 200 கோடி வருஷத்துக்கும் மேல். பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், பயங்கரமான சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருவானது. மேலே மூடியிருந்ததெல்லாம் கோடானுகோடி வருஷம் மழையிலும் வெயிலிலும் கரைந்துபோக, மெள்ள வெளியே தலை நீட்டியது. இதோடு ஒப்பிட்டால் இமயமலை நேற்று வேலைக்குச் சேர்ந்த ஹெல்பர் பையன்.

ஆக, எரிமலை இல்லை. ஆனால் நெருப்பில் பிறந்த மலை. மாஸ்டர் சொன்னதில் பாதி பாஸ்!

புராணமும் நெருப்பைத்தான் சொல்கிறது. பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் யார் சீனியர் என்று தகராறு. எந்த ஆபீஸில்தான் இல்லை? நடுவில் சிவன் நெருப்புத் தூணாக நின்றார். அடியைப் பார்க்க விஷ்ணு பன்றியாகி மண்ணைத் தோண்டினார். முடியைப் பார்க்க பிரம்மா அன்னமாகிப் பறந்தார். விஷ்ணு திரும்பி வந்து, ‘நம்மால் ஆகவில்லை’ என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். பிரம்மா என்ன செய்தார்? மேலிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பிடித்து, ‘நான் உச்சியைப் பார்த்ததற்கு நீ சாட்சி சொல்’ என்றார். ஸ்பாட்டுக்கே போகாமல் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்! பிரம்மாவுக்குக் கோயில் கட்; தாழம்பூவுக்கு சிவபூஜையில் இடம் கட். அந்த நெருப்புத் தூண்தான் குளிர்ந்து மலையானது என்கிறார்கள். கிருத யுகத்தில் அக்னி மலை, திரேதா யுகத்தில் மாணிக்க மலை, துவாபர யுகத்தில் பொன் மலை, கலியுகத்தில் கல் மலை. நம் யுகத்துக்கு வந்தபோது ரேட் இறங்கிவிட்டது.

கதையில் மாட்டிக்கொண்டது யார் என்று கவனியுங்கள். உச்சியைத் தொட்டேன் என்று சொன்னவர்தான்.

சரித்திரத்திலும் இந்த மலையடிவாரம் சும்மா இருந்ததில்லை. ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர் இங்கே தலைநகர் வைத்திருந்தார். பிள்ளையில்லாத அவருக்கு அண்ணாமலையாரே பிள்ளை என்பது ஐதீகம். இன்றைக்கும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி அப்பாவுக்குத் திதி கொடுக்கிறார் சாமி. 217 அடி ராஜகோபுரத்தை ஆரம்பித்தவர் கிருஷ்ணதேவராயர். 1767-ல் ஹைதர் அலியின் படையும் கம்பெனிப் படையும் இங்கே மோதின. 1896 செப்டம்பர் 1-ம் தேதி பதினாறு வயசுப் பையன் ஒருவன் மதுரையிலிருந்து வந்து சேர்ந்தான். ரமணர். மலைச்சரிவுக் குகைகளிலும் அப்புறம் அடிவாரத்திலுமாக, 1950-ல் மறையும்வரை ஊரைவிட்டு நகரவே இல்லை.

மலையின் உயரம் 2,668 அடி. நான் ஏறியது 2023 நவம்பர் 26, கார்த்திகை தீபத்தன்று. அந்த வருஷம் 2,500 பேருக்கு அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். படிக்கட்டு என்று எதிர்பார்க்காதீர்கள். பாறைமேல் பாறை. நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து இன்வாய்ஸ் போடுகிற முழங்கால் அரை மணியில் ராஜினாமாக் கடிதம் நீட்டியது. பக்கத்தில் ஒரு பெரியவர் தோளில் நெய் டின்னோடு, செருப்பில்லாமல், மூச்சுகூட வாங்காமல் என்னைத் தாண்டிப் போனார்.

உச்சியில் பாறையெல்லாம் கறுப்பு. வருஷக்கணக்காக நெய் ஊறி வழுவழு என்றிருக்கிறது. ஆள் உயரக் கொப்பரை. ஆயிரக்கணக்கான கிலோ நெய். திரிக்கு என்ன தெரியுமா? காடாத் துணி! ஆயிரம் மீட்டருக்குக் குறையாமல். நம்ம பல்லடம், சோமனூர் தறிகளில் ராத்திரி பகலாக ஓடுகிற அதே ரகம். வெளுக்காத, சாயம் ஏறாத துணி. மீட்டருக்கு எத்தனை பைசா கூலி என்று வருஷா வருஷம் நம்ம பக்கத்தில் மல்லுக்கட்டுகிறோமே, அந்தக் காடாதான் பதினோரு நாள் நின்று எரிகிறது. எனக்கு என்னவோ தொண்டையை அடைத்தது. காற்றாகவும் இருக்கலாம்.

தீபம் ஏற்றுகிற உரிமை பர்வதராஜ குலத்தாருக்கு. அவர்களில் ஒருவரிடம், “வருஷா வருஷம் கிட்ட நின்னு பாக்கறீங்க, கொடுத்து வெச்சவங்கண்ணே” என்றேன்.

சிரித்தார். “கிட்ட நின்னா சூடுதான் தம்பி. தீபம் பாக்கணும்னா கீழ போ.”

போனேன். சாயங்காலம் ஆறு மணிக்கு ஊருக்குள் லட்சம் பேரோடு அண்ணாந்து நின்றேன். அவர் சொன்னது சரி.

அடுத்த வருஷம் நடந்தது உங்களுக்கு ஞாபகமிருக்கும். ஃபெஞ்சல் புயல் மழையில் 2024 டிசம்பர் 1-ம் தேதி மலைச்சரிவு பெயர்ந்து, வ.உ.சி. நகரில் வீடுகள்மேல் மண்ணும் பாறையும் இறங்கின. ஏழு பேர் போய்விட்டார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். 13-ம் தேதி தீபம் வழக்கம்போல எரிந்தது. பக்தர்கள் மலையேற மட்டும் அனுமதியில்லை. 200 கோடி வருஷப் பாறைதான், ஆனால் அதன் மேல்தோல் மழையில் நைந்த மண். உருளக் காத்திருக்கும் கற்கள். நாம் மேலே மிதித்து நகர்த்துகிற கல்லுக்குக் கீழே யாரோ ஒருவருடைய சமையலறை இருக்கிறது.

இப்போதும் சில இளைஞர்கள், “அண்ணா, பின்பக்கமா ஒரு வழி இருக்குதாமே, ஆள் வெச்சா கூட்டிட்டுப் போவாங்களாமே?” என்று விசாரிக்கிறார்கள். அது காப்புக்காடு தம்பிகளா. அனுமதியில்லாமல் ஏறினால் வனத்துறை பிடிக்கும். மொட்டையாகக் கிடந்த மலையில் எத்தனையோ பேர் பல வருஷம் தண்ணீர் சுமந்து மரம் வளர்த்திருக்கிறார்கள். ஒரு பீடித்துண்டு போதும், மொத்தமும் சாம்பல். உச்சியில் நின்று எடுக்கிற செல்ஃபியில் மலை விழாது, உங்கள் மூக்குதான் விழும். தாழம்பூ சாட்சிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

அதற்குப் பதில் பதினாலு கிலோமீட்டர் சுற்றி நடந்து பாருங்கள். வழியில் எட்டு லிங்கங்கள். மலை ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு உருவம் காட்டும். ஓரிடத்தில் ஒற்றைச் சிகரம், இன்னோரிடத்தில் இரண்டு, கொஞ்சம் தள்ளிப் போனால் ஐந்து முகம். மேலே ஏறியவனுக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது.

ஒரே ஒரு எச்சரிக்கை: குபேர லிங்கத்தில் கூட்டம் நகரவே நகராது. நம்ம ஊர்க்காரர்கள் அங்கே மட்டும் ரெண்டு நிமிஷம் கூடுதலாகக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். எக்ஸ்போர்ட் பேமென்ட் பாக்கி அவ்வளவு இருக்கிறது!