"இல்லை" என்று வரப்போகும் கடிதம்

அகதி மனு நிராகரிக்கப்படப் போகிறது என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது? விளாங்குடியில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கவலை எதற்கு என்கிறீர்களா? பக்கத்து ஆனையூரில்தான் இலங்கை அகதிகள் முகாம் இருக்கிறது. இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை. அதனால் முகாமில் இருப்பவர்களுக்கு மறுக்கப்படுவதற்குக் கூட ஒரு மனு கிடையாது!

அங்கிருக்கும் என் நண்பனின் அண்ணன் லண்டனில் மனு போட்டிருக்கிறார். நேர்காணலில் இரண்டு தேதிகளை மாற்றிச் சொல்லிவிட்டாராம். "எப்படியும் முடியாதுன்னுதான் சொல்லுவாங்க, இனி என்னடா இருக்கு?" என்றான் நண்பன்.

இருக்கிறது. முடிவு வருமுன்பே நேர்காணல் பதிவை வக்கீலோடு உட்கார்ந்து படித்து, தவறைத் திருத்தி, தேதி ஏன் மாறியது என்று எழுதி அனுப்பலாம். உடலில் தழும்பு இருந்தால் மருத்துவ அறிக்கை சேர்க்கலாம். மறுப்புக் கடிதம் வந்தால், பிரிட்டனில் இருப்பவருக்கு மேல்முறையீடு செய்யப் பொதுவாக 14 நாள்தான். ஒரு வாரம் அழுதால் பாதி போச்சு.

ஆஸ்திரேலியாவின் பிலோயிலாவில் வாழ்ந்த பிரியா - நடேசலிங்கம் குடும்பத்தை 2019 ஆகஸ்டில் இலங்கைக்கு விமானமே ஏற்றிவிட்டார்கள். நடுவானில் இருக்கும்போது நீதிமன்றத் தடை வந்து, விமானம் டார்வினில் இறங்கியது. அப்புறம் கிறிஸ்துமஸ் தீவில் காவல். ஊர்க்காரர்கள் விடாமல் போராடினார்கள், 2022-ல் ஆட்சியும் மாறியது, அந்த ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது.

எல்லோருக்கும் இப்படி நடக்காது, உண்மைதான். ஆனால் அந்தத் தடையை வாங்க, கடைசி நிமிடம் வரை ஒரு வக்கீல் விழித்திருக்க வேண்டியிருந்தது. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது அந்தக் கடிதத்துக்குக் காத்திருந்தால், ஆறுதல் அப்புறம்... முதலில் நாளை எண்ணச் சொல்லுங்கள்.