தோளுக்கு ஏற்ற கட்டை

துப்பாக்கி தோளில் சரியாக உட்காரவில்லை என்று சொன்னால், “பழகினால் சரியாகிவிடும்” என்று யாராவது சொல்வார்கள். தம்பிகளே, தங்கைகளே, அதைக் கேட்காதீர்கள். ராணுவ ஆயுதப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றுச் சேலையூரில் குடியிருக்கும் கிழவன் நான். உடம்பு எதற்கும் பழகும், உண்மைதான். ஆனால் தோளில் பதியும் பின்கட்டை பொருந்தாமலே பழகும் உடம்பு பிழையைத்தான் படித்துக்கொள்கிறது. அதைப் பிறகு மறக்க வைப்பது புதிதாகக் கற்றுக்கொடுப்பதைவிடப் பெரிய பாடு.

தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் மின்சார ரயில் ஏறி எழும்பூர் ரைபிள் கிளப்புக்குப் போகும் பிள்ளைகள் என்னிடம் வருவதுண்டு. பலர் கையில் இருப்பது அண்ணனுடைய ரைபிள், இல்லையென்றால் யாரிடமோ வாங்கிய பழையது. வளர்கிற பிள்ளை என்று இரண்டு அளவு பெரிதாகத் தைத்த பள்ளிச் சீருடை மாதிரி, பின்கட்டை நீண்டு நிற்கும். தோள்குழியில் நிற்க வேண்டிய கட்டை புஜத்துக்கு நழுவும். விரல் எட்டாமல் நுனியால் விசையை இழுப்பார்கள், குழல் ஒரு பக்கம் கோணும். “கவனம் போதாது” என்று வீட்டில் திட்டு வேறு. அந்தப் பிள்ளையிடம் கவனக்குறைவு எதுவும் இல்லை.

முன்சைட், பின்சைட், கண் மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். சைட் இரண்டும் துப்பாக்கியோடு பூட்டியவை, அசையாது. அசைவது கண்தான். கண்ணை நிறுத்துவது கன்னம், கன்னத்தை நிறுத்துவது கட்டை. 10 மீட்டர் ஏர் ரைபிளில் பத்து என்கிற புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர். கன்னம் வைக்கும் இடம் தாழ்ந்திருந்தால் தலையை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துத்தான் பார்க்க முடியும். கழுத்து சோரச் சோரக் கண் இறங்கும், குறியும் அதோடு போகும்.

நம் போலீஸ்காரர்கள் தோளில் பல காலம் தொங்கிய 303, அந்த லீ என்ஃபீல்டு, லட்சக்கணக்கில் செய்த ராணுவத் துப்பாக்கி. அதற்கே பின்கட்டை ஒரே அளவில் வரவில்லை. சாதாரண அளவு ஒன்று, அரை அங்குலம் கூடியது ஒன்று, அரை அங்குலம் குறைந்தது ஒன்று, இன்னும் குட்டையானவர்களுக்கு ஓர் அங்குலம் குறைந்தது ஒன்று. எது எந்த அளவு என்று தெரியக் கட்டையிலேயே எழுத்துக் குத்தியிருக்கும். கூட்டமாகப் போருக்குப் போகிற சிப்பாய்க்கே அவ்வளவு பார்த்தார்கள்.

வேட்டைத் துப்பாக்கி செய்தவர்கள் இன்னும் நுணுக்கம். எல்லாப் பக்கமும் நீட்டி மடக்கித் திருகக்கூடிய அளவுத் துப்பாக்கி ஒன்றை வாடிக்கையாளர் தோளில் வைத்துப் பார்த்து, அந்த அளவுக்கு அக்ரூட் மரத்தில் கட்டை செதுக்குவார்கள். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நம் நாட்டில் வேட்டை படிப்படியாக நின்றது, நல்லதாயிற்று. அளவெடுக்கும் கலை மட்டும் விளையாட்டில் பிழைத்திருக்கிறது.

நீங்களே செய்து பார்க்க ஒரு வழி. குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இலக்கை நோக்கி நின்று கண்ணை மூடுங்கள். ரைபிளைத் தோளில் வைத்துக் கன்னத்தை இயல்பாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். இப்போது கண்ணைத் திறந்தால் சைட்டின் நடுவில் பார்வை இருக்க வேண்டும். தலையை நகர்த்தித் தேட வேண்டியிருந்தால், திருத்த வேண்டியது கட்டையை.

சென்னையில் பிறந்த ககன் நரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் வெண்கலம் வாங்கியவர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் அவர் வழிகாட்டலில் வளர்ந்தவர். நரங் ஓங்குதாங்கான ஆள். அவர் தோளுக்கு வைத்த கட்டை இளவேனில் தோளுக்கு ஆகாது. என்னைப் போன்ற பெரியவர்களிடமிருந்து வித்தையை வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் அளவை வாங்கிக்கொள்ளாதீர்கள். நாங்கள் வற்புறுத்தினாலும் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

அதற்காக ஒவ்வொரு குண்டு தவறியதும் திருகாணியைத் திருப்புகிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். அதை நோட்டில் எழுதி வைத்து, சில வாரங்கள் அதிலேயே சுடுங்கள். வளர்கிற வயதில் சில மாதங்களுக்கு ஒருமுறை மறுபடி அளந்துகொள்ளுங்கள். அளக்கும்போது, இந்த ஊர்ப் புழுக்கத்தில் எவ்வளவு வேர்த்தாலும், சுடும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே அளவெடுங்கள். அந்தத் தடிமனும் கட்டை நீளத்தில் சேர்த்திதான்.