மிளகு போன வழியில் கொச்சிக்கு

தேனி மாவட்டத்து விவசாயக் குடும்பங்கள் வெளியூர் கிளம்பினால் பழநி, திருச்செந்தூர், ராமேஸ்வரம் என்று போவதுதான் வழக்கம். தோட்ட வேலைக்கும் சபரிமலைக்கும் மேற்கே மலையேறுகிறவர்கள் ஏராளம். ஆனால், அந்த மலைக்கு அப்பால் இறங்கி, கொச்சியைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் குறைவு. குமுளியிலிருந்து பஸ்ஸில் ஐந்தாறு மணி நேரத்தில் எர்ணாகுளம் போய்விடலாம்.

பொங்கல் கழிந்த வாரத்தில் இரண்டு நண்பர்கள் அப்படிக் கிளம்பினார்கள். ஒருவர் சின்னமனூர்க்காரர், இரண்டு ஏக்கர் நெல் வயல், இரண்டாம் போக நடவு முடிந்திருந்தது. இன்னொருவர் கூடலூர்க்காரர், ஊரில் பன்னீர் திராட்சை, கம்பம்மெட்டுக்கு மேலே ஒரு துண்டு ஏலத்தோட்டம். நிழல் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறார். ஏலக்காயும் மிளகும் விளைவிக்கிறவர், அவை கப்பலேறிய ஊரை அதுவரை பார்த்ததில்லை.

ஒரே ஆறு, இரண்டு ஊர்

லோயர்கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபத்தைத் தாண்டித்தான் பஸ் மலையேறுகிறது. அவர் கட்டி முடித்த பெரியாறு அணையிலிருந்து 1895-ல் தண்ணீர் கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைவது அந்தத் தண்ணீரில்தான்.

மலைக்கு அந்தப் பக்கம் நிலம் இறங்க இறங்கப் பயிரும் மாறுகிறது. பீர்மேடு வரை தேயிலை, முண்டக்கயத்தில் ரப்பர், கோட்டயம் தாண்டினால் தாழ்ந்த வயலும் தென்னையும் வாய்க்கால்களும். மேற்கே ஓடும் பெரியாறு ஆலுவா பக்கம் பிரிந்து காயலிலும் கடலிலும் சேர்கிறது.

அந்தக் கடற்கரையில்தான் பழைய முசிறித் துறைமுகம் இருந்தது. யவனர் கப்பல்கள் பெரியாற்று முகத்துக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. 1341-ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறியின் முகத்தை மண்ணால் மூடி, தெற்கே கொச்சியில் கடல்வாயைத் திறந்துவிட்டது என்பது வரலாற்றாளர்கள் பலரும் சொல்வது. கொச்சியைத் துறைமுகமாக்கிய ஆறும் சின்னமனூர் வயலை நனைக்கும் ஆறும் ஒன்றுதான்.

கோட்டைப் பக்கம்

எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு அரசுப் படகில் போவது பஸ்ஸைவிட நல்லது. வழியில் வில்லிங்டன் தீவு தெரியும். துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவு அது.

"நம்ம கண்மாயில தூர் வாருன மண்ணு எங்க போச்சுன்னே தெரியல. இவங்க அதுல ஒரு ஊரே கட்டிட்டாங்க மாப்ள" என்றார் சின்னமனூர்க்காரர்.

கரையில் முதலில் கண்ணில் படுவது சீன வலை. நீண்ட மரத்தின் ஒரு முனையில் வலை, மறு முனையில் கயிற்றில் கட்டிய கற்கள். நாலைந்து பேர் கயிற்றை இழுத்தால் வலை தண்ணீரிலிருந்து எழும்புகிறது. கிணற்றில் ஏற்றம் இறைத்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே துலாக் கணக்குதான். ஆள் கூலியும் மர விலையும் ஏறியதால் வலைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது.

பக்கத்தில் புனித பிரான்சிஸ் தேவாலயம். வாஸ்கோடகாமா 1524-ல் கொச்சியில் இறந்தபோது இங்கேதான் புதைத்தார்கள். பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு உடலின் மிச்சத்தைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கல்லறை இருந்த இடம் இன்றும் அடையாளத்தோடு இருக்கிறது.

போர்ச்சுகீசியக் கப்பல்கள் 1500-ல் கொச்சியில் மிளகு ஏற்றின. 1663-ல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள், 1795-ல் ஆங்கிலேயர்கள். மூவரும் வந்ததில் முதல் காரணம் மலைச்சரக்கு.

மட்டாஞ்சேரிக் கிடங்குகள்

ஆட்டோவில் சிறிது தூரம் போனால் மட்டாஞ்சேரி. போர்ச்சுகீசியர்கள் சுமார் 1555-ல் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்த அரண்மனை இங்கே இருக்கிறது. டச்சுக்காரர்கள் பின்னர் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்றே பெயர் நிலைத்துவிட்டது. உள்ளே சுவர் முழுக்க ராமாயண ஓவியங்கள். அடுத்த தெருவில் 1568-ல் கட்டிய யூதர் வழிபாட்டுக்கூடம். அதன் தரையில் பதித்த நீல வெள்ளை ஓடுகள் சீனாவிலிருந்து வந்தவை.

யூதத் தெருவின் இரு பக்கமும் பழைய மிளகு, சுக்குக் கிடங்குகள். பல இப்போது கலைப்பொருள் கடைகளாகவும் விடுதிகளாகவும் மாறிவிட்டன. இந்தத் தெருவில்தான் 1957-ல் மிளகு முன்பேர வணிகம் தொடங்கியது. வியாபாரிகள் ஒரே கூடத்தில் நின்று சத்தம் போட்டு விலை கேட்பார்கள். பிற்காலத்தில் அது கணினித் திரைக்கு மாறிவிட்டது.

ஒரு மளிகைச் சரக்குக் கடையில் இரண்டு தட்டுகளில் மிளகு வைத்திருந்தார்கள். விலையில் நல்ல வித்தியாசம். இரண்டும் ஒரே மலை மிளகுதான் என்றார் கடைக்காரர். கூடலூர்க்காரர் காரணம் கேட்டார். கடைக்காரர் ஒரு லிட்டர் படியை எடுத்து இரண்டையும் தனித்தனியே அளந்து தராசில் வைத்தார். ஒன்று 550 கிராமுக்கு மேல் நின்றது. மற்றது 500-ஐத் தொடவில்லை.

"முற்றாமல் பறித்தது. பாதி பதர்" என்றார் கடைக்காரர், மலையாளம் கலந்த தமிழில்.

நெல்லில் பதர் தூற்றுகிறவருக்கு அது உடனே புரிந்தது. மிளகுக்கு விலை வைப்பது லிட்டர் எடை, ஈரப்பதம், நிறம், தூசி. போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்திலும் காயின் பருமனையும் பச்சை நிறத்தையும் மாதிரியில் பார்த்துத்தான் விலை கேட்கிறார்கள்.

பச்சையா, காய்ந்ததா?

திரும்பும் படகில் பேச்சு அதைப் பற்றியே ஓடியது. கூடலூர்க்காரர் ஐந்து வருடமாக மிளகைக் கொடியிலேயே விலை பேசிக் கொடுத்துவிடுகிறார். பறிப்பது வியாபாரியின் ஆள். முற்றியதா, முற்றாததா என்று அவர்கள் பார்ப்பதில்லை.

"நீ காயவச்சு வித்தா என்ன மாப்ள?"

"முன்பணம் வாங்கியாச்சே. மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டுனது அதுலதான்."

சின்னமனூர்க்காரர் கணக்குப் போட்டார். 100 கிலோ பச்சை மிளகு காய்ந்தால் சுமார் 33 கிலோ நிற்கும். கணக்குக்காகக் காய்ந்த மிளகு கிலோ 600 ரூபாய் என்று வைத்தால், பச்சை கிலோவின் மதிப்பு 200 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. பறிகூலி, காயவைக்கும் கூலி போக மிஞ்சுவதைவிடக் கொடி விலை குறைவாக இருந்தால், அந்த வித்தியாசம்தான் முன்பணத்துக்குக் கட்டும் வட்டி. வட்டி என்று பெயர் இல்லாததால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

முன்பணம் வாங்கிவிட்டவர் ஒரே வருடத்தில் அதிலிருந்து வெளியே வர முடியாது. கூடலூர்க்காரர் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். வாங்கிய பணத்துக்கு ஈடான கொடிகளை வியாபாரிக்கு விட்டுவிட்டு, மீதிக் கொடிகளைத் தானே பறிப்பதாகப் பேசிப் பார்ப்பது. வியாபாரி ஒப்புக்கொண்டால் அடுத்த வருட முன்பணம் பாதியாகும்.

தானே காயவைக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. கதிரில் ஒன்றிரண்டு மணி சிவந்த பிறகே பறிக்க வேண்டும். உதிர்த்த மணியைத் துளையுள்ள பாத்திரத்தில் போட்டுக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் நிறம் ஒரே சீராகக் கறுக்கும், சீக்கிரம் காயும். மண் தரையில் பரப்பாமல் சுத்தமான சிமென்ட் களத்திலோ தார்ப்பாயிலோ நாலைந்து நாள் நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். ஈரப்பதம் 11 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மூட்டையில் பூஞ்சணம் பிடிக்கும்.

போகிறவர்களுக்கு

வெள்ளிக்கிழமை அரண்மனைக்கும் சனிக்கிழமை யூதர் வழிபாட்டுக்கூடத்துக்கும் விடுமுறை. ஞாயிறு முதல் வியாழன் வரை போனால் இரண்டையும் பார்க்கலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கனமழை. அறுவடைக்கு நடுவே ஓய்வு கிடைக்கும் தை, மாசி நல்ல காலம். மிளகு, ஏலம் வைத்திருப்பவர்கள் கைப்பிடி அளவு தங்கள் சரக்கை ஒரு பையில் போட்டுக்கொண்டு போகலாம். மட்டாஞ்சேரிக் கடையில் நல்ல சரக்கின் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்தால், அடுத்த வருடம் தோட்டத்தில் எதை மாற்ற வேண்டும் என்பது தெரிந்துவிடும்.