ஹோரோவிட்ஸ் வாசித்த கிளமென்டி

ஜூலை 24, கொற்கை

ஏரலிலிருந்து வரும் பிள்ளைக்கு மாலையில் வகுப்பு. டிரினிட்டி கிரேடு தேர்வுக்காக முட்ஸியோ கிளமென்டியின் சி மேஜர் சொனாட்டினாவைப் படிக்கிறாள். 1797இல் வெளிவந்த ஓபஸ் 36இன் முதல் உருப்படி. பியானோ கற்கும் குழந்தைகளில் அதைத் தொடாமல் வளர்ந்தவர்கள் குறைவு. வாசித்து முடித்ததும், "இவரு பரீட்சைக்கு மட்டும்தான் எழுதுனாரா மிஸ்?" என்று கேட்டாள். வாயால் பதில் சொல்லித் தீராத கேள்வி. விளாடிமிர் ஹோரோவிட்ஸ் பதிவு செய்த கிளமென்டி சொனாட்டாக்களை அவள் கேட்டாக வேண்டும்.

ஜூலை 26

தூத்துக்குடியில் பனிமய மாதா கொடியேற்றம். போய்விட்டு இருட்டியபின் வீடு திரும்பி, பதிவைக் கேட்க உட்கார்ந்தேன்.

லிஸ்ட்டையும் ராக்மானினாஃபையும் இடி முழக்கமாக வாசித்து உலகையே மயக்கியவர் ஹோரோவிட்ஸ். 1953இல் மேடையை விட்டு ஒதுங்கினார். 1965 மே 9 அன்று கார்னெகி ஹாலுக்குத் திரும்பும்வரை பன்னிரண்டு ஆண்டுகள் பொதுக் கச்சேரி இல்லை. அந்த ஒதுக்கத்தின் தொடக்கத்தில், 1954இல், நியூயார்க்கில் தன் வீட்டிலேயே ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்துக்காக அவர் வாசித்தவை இந்த மூன்று சொனாட்டாக்கள். கைதட்ட ஆளில்லாத வீட்டில், மாணவர் பயிற்சிக்கு மட்டுமே என்று உலகம் தள்ளிவைத்திருந்த ஒருவரின் இசையைத் தேர்ந்தெடுத்தார்.

ஜூலை 29

கிளமென்டியும் முதலில் வேகத்தால் பெயர் வாங்கியவர்தான். 1752இல் ரோமில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்தவர். 1781 டிசம்பர் 24 அன்று வியன்னாவில், பேரரசர் இரண்டாம் ஜோசப் முன்னிலையில் மொஸார்ட்டோடு போட்டிக்கு உட்கார்ந்தார். பிறகு மொஸார்ட் தன் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், கைத்திறன் உண்டு, உணர்ச்சி இல்லை என்று அவரை ஒதுக்கினார். பின்னாளில் கிளமென்டியே தன் மாணவர் லுட்விக் பெர்கரிடம், இளமையில் விரல் சாகசத்தில் மகிழ்ந்ததாகவும், பெரிய பாடகர்களைக் கேட்டுக்கேட்டுத் தன் வாசிப்பைப் பாட்டாக மாற்றிக்கொண்டதாகவும் சொல்லியிருக்கிறார். பீத்தோவன் அவருடைய சொனாட்டாக்களைப் பெரிதும் மதித்தார்.

ஆகஸ்ட் 2

இன்று எஃப் ஷார்ப் மைனர் சொனாட்டாவையே திரும்பத் திரும்பக் கேட்டேன். நடுப்பகுதி மெதுவானது, துயரமானது. ஹோரோவிட்ஸ் அங்கே மேல்சுரத்தைப் பாட விட்டு, இடக்கையைத் தம்புராவின் அளவுக்குத் தணித்துவிடுகிறார். கடைசிப் பகுதியில் இரண்டிரண்டு சுரங்கள் சேர்ந்து பாய்கின்றன. அந்த வேகத்திலும் ஒவ்வொன்றும், ஒரே சல்லடையில் சலித்தெடுத்த கொற்கை முத்துப்போல, அளவு மாறாமல் தனித்து விழுகிறது.

கிளமென்டி காலத்துப் பியானோவுக்கு மரச்சட்டம், மெல்லிய கம்பி. நாதம் சீக்கிரம் அடங்கிவிடும். ஹோரோவிட்ஸின் ஸ்டைன்வேயோ வார்ப்பிரும்புச் சட்டம் கொண்டது. அதில் கை கொஞ்சம் கனத்தாலும் கீழ்ச்சுரங்கள் எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் பெடலைச் சிக்கனமாக மிதிக்கிறார். தன்னிடம் இருந்த பலத்தில் பெரும்பங்கை அவர் செலவழிக்கவே இல்லை.

ஜி மைனர் சொனாட்டாவின் முதல் பகுதி கனத்த, மெதுவான முகப்போடு தொடங்குகிறது. புயல்போன்ற வேகத்துக்கு நடுவே அதே முகப்பு வேறு சுருதியில் திரும்பி வருகிறது. 1795இல் வெளியான படைப்பு இது. பீத்தோவனின் 'பத்தேத்திக்' சொனாட்டாவிலும் மெதுவான முகப்பு இப்படித் திரும்பும்; அது அச்சானது 1799இல். கிளமென்டியைப் பாடப்புத்தகத்துக்குள் அடைத்துவைத்தது எவ்வளவு பெரிய அநியாயம்!

ஆகஸ்ட் 5

மாதா திருவிழாவுக்கு விடுமுறை. அந்தப் பிள்ளையை வரச்சொல்லி ஜி மைனர் சொனாட்டாவை முழுதாகக் கேட்க வைத்தேன். "மிஸ், இவரா அவரு?" என்றாள். பிறகு தன் சொனாட்டினாவை வாசித்தாள். இதுவரை ஓடிக் கடந்த இடங்களில் இன்று மூச்சு விட்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் முடித்துவிட்டே அடுத்ததைத் தொட்டாள். நான் எதையும் திருத்தவில்லை.

சொனாட்டினாவைக் கையில் கொடுக்கும் நாளிலேயே இந்தப் பதிவையும் பிள்ளைகளுக்குக் கேட்கக் கொடுக்க வேண்டும். வேகத்தைச் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் போதும். கையில் இருக்கும் வேகத்தை எங்கே அடக்குவது என்பதை, அதை முழுதாக ஆண்ட ஒருவரிடம்தான் கற்க முடியும்.